மாமாவின் பக்கிக்கு நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். பெண்கள் லீக்கில் கால்பந்து ஆடுகிறேன். வருடத்தில் 10 மாதம்தான் சம்பளம். பிடித்தம் போகக் கைக்கு 15,000 ராண்ட் வரும். வீட்டுக்கு 3,500 கொடுக்கிறேன். டாக்ஸி, பிசியோ, பூட்ஸ் என்று 3,300 போகிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பர்சனல் லோன் மாதம் 2,650, இன்னும் 19 மாதம் இருக்கிறது. அண்ணனுக்காக என் பெயரில் எடுத்த ஃபர்னிச்சர் கணக்கும் போன் கான்ட்ராக்டும் சேர்ந்து 1,900. இப்போது மாமா சாப்பாட்டு ஆர்டர் கொண்டுபோக 2,80,000 ராண்டுக்கு ஒரு பக்கி (பின்னால் சரக்கு ஏற்றும் சின்ன வண்டி) பார்த்து வைத்திருக்கிறார். நான் ஷூரிட்டி (ஜாமீன்) நின்றால்தான் பேங்க் கடன் தருமாம். என் முதல் பூட்ஸை வாங்கித் தந்தவரே அவர்தான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? டீமில் ஒருத்தி ஃபாரெக்ஸ் (வெளிநாட்டு நாணய வர்த்தகம்) குரூப்பில் சேரச் சொல்கிறாள். அந்த லாபத்தில் சமாளிக்கலாமா?

பதில்: சேமிக்க வேண்டும், பட்ஜெட் போட வேண்டும் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பைசா சுத்தமாகக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை உங்கள் செலவில் இல்லை, பேனாவில் இருக்கிறது. தங்கச்சிக்கு ஒரு கையெழுத்து, அண்ணனுக்கு இரண்டு, இப்போது மாமாவுக்கு. மைதானத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுக்கு எத்தனை ஆட்டோகிராஃப் வேண்டுமானாலும் போடுங்கள். கடன் பத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

உங்கள் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. 15,000 என்று எழுதுகிறீர்கள், ஆனால் அது 10 மாதத்துக்குத்தான். 1,50,000-ஐ 12-ஆல் வகுத்தால் 12,500. மாதச் செலவு 11,350. மிச்சம் 1,150. அதுவும் அண்ணனுக்கான 1,900-ஐ நீங்களே சுமப்பதால் வந்த நிலை.

இப்போது பக்கி. 13 சதவீத வட்டி, 72 மாதம், கடைசியில் 30 சதவீதம் பலூன் (முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டிய பெரிய தொகை) என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 4,850. முடிவில் பலூன் 84,000. எல்லாம் சேர்த்தால் 4,33,000 ராண்டைத் தொடும். மாமா மூன்று தவணை தவறினால் உங்கள் ஒரு மாதச் சம்பளம் காலி. பக்கி வாங்கப் போய் பாக்கியில் நிற்பது என்பது இதுதான்.

"நான் சும்மா பெயருக்குத்தானே நிற்கிறேன்" என்று நினைக்காதீர்கள். பேங்க் நீட்டும் ஷூரிட்டி பத்திரத்தில், முதலில் கடனாளியிடம் கேள் என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்திட்டால் மாமாவைத் தேடாமல் நேராக உங்கள் வாசலுக்கு வரலாம். தொகைக்கு உச்சவரம்பு போடாத பத்திரமாக இருந்தால், மாமா அதே பேங்கில் நாளை வாங்கும் வேறு கடனும் உங்கள் தலையில் விழலாம். இன்னொன்று: கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற பேங்க் மாமாவைத் தனியாக நம்பவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டீர்களா?

உங்கள் தொழில் வேறு மாதிரி. நம் தென்னாப்பிரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் தெம்பி க்காட்லானாவை நினைத்துப் பாருங்கள். 2022-இல் மொராக்கோவில் பெண்கள் ஆப்பிரிக்கக் கோப்பைக்கு நடுவே அவருக்கு குதிகால் தசைநார் அறுந்தது. பன்யானா பன்யானா, அதாவது நம் பெண்கள் அணி, அவர் இல்லாமலே கோப்பையை வென்றது. மறுவருடம் உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் வெற்றி கோல் அடித்தவரும் அவரே. அந்தத் தொடரில் கடைசி 16-க்குப் போன அணியின் ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஃபிஃபா 60,000 டாலர் அறிவித்திருந்தது. ஆனால் அது 23 பேருக்கு வாய்க்கிற இடம். லீக்கில் ஆடும் மற்ற எல்லோருக்கும் முழங்கால் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம், சில நேரம் ஒரு வருடம் கூட வெளியே உட்கார வேண்டும். பெண்களுக்கு அந்தக் காயம் ஆண்களை விட அதிகம் வருகிறது என்பது உங்கள் பிசியோவுக்கே தெரியும். அந்த ஒன்பது மாதமும் பக்கித் தவணை நிற்காது.

ஃபாரெக்ஸ் குரூப்பா? எனக்குப் பொறுமை போகிறது. மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற பெயர் நினைவிருக்கிறதா? பிட்காயினைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே வர்த்தகம் செய்து லாபம் தரும் என்றார்கள். 2020 முடிவதற்குள் கவிழ்ந்தது, பிறகு நீதிமன்றமே அதை போன்சி, அதாவது புதிதாகச் சேருபவர் பணத்தை எடுத்து பழையவருக்கு லாபம் என்று கொடுக்கும் மோசடி, என்றது. உங்கள் தோழி நல்லவளாகவே இருக்கலாம். குரூப்பை நடத்துபவருக்கு நிதித் துறை நடத்தை ஆணையத்தின் (FSCA) உரிமம் இருக்கிறதா என்று மட்டும் அவளிடம் கேளுங்கள், பேச்சு முடிந்துவிடும். உரிமம் இருந்தாலும் மாதம் 1,150 மிஞ்சுகிறவர் சூதாடக் கூடாது. அது போக வேண்டிய இடம் சாதாரண சேமிப்புக் கணக்கு. மூன்று மாதச் செலவான 34,000 சேரும் வரை வேறு எதுவும் வேண்டாம். டாக்ஸ்-ஃப்ரீ கணக்கு எல்லாம் அப்புறம்.

மாமாவிடம் போனில் சொல்லாதீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு மத்தியானம் நேரில் போங்கள். தாய்மாமன், பூட்ஸ் வாங்கித் தந்தவர், அந்த மரியாதை குறையக் கூடாது. "என் கான்ட்ராக்ட் வருடா வருடம் முடிகிறது மாமா, ஆறு வருடக் கடனுக்கு நான் நிற்க முடியாது" என்று சொல்லுங்கள். அது உண்மை. பழைய பக்கி ஒன்றை 90,000-க்குள் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டொக்வெல் (நம் சீட்டு போல) பணம் அவர் கைக்கு வரும் முறையை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அதற்கு நீங்கள் 2,000 ராண்ட் கொடுத்தால் அது சீர், திரும்பி வர வேண்டாம். கோபப்படுவார். காவடித் திருவிழாவுக்குள் சரியாகிவிடும்.

அண்ணன் கணக்குகளில் புதிதாக எதையும் சேர்க்கவிடாதீர்கள். போன் கான்ட்ராக்ட் முடியும் மாதத்தில் தானாக நீடிக்காதபடி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பர்சனல் லோனோடு கடன் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காயத்தால் சம்பாதிக்க முடியாமல் போனால் 12 மாதம் வரை தவணை கட்டும் வகை அது. நீங்கள் ஏற்கெனவே பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியே சம்பளச் சீட்டில் யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கான்ட்ராக்ட் முடிந்து சம்பளம் இல்லாத அந்த இரண்டு மாதத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டா என்று லேபர் ஆபீஸில் கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று இந்த வாரமே கிளப் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள்.