பாலாறும் பூமிச் சூடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாலாறு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா இருபத்தாறு வருஷமாக தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரியில் படிக்கிறேன். சுற்றுச்சூழல் தினத்துக்கு ‘புவி வெப்பமயமாதல்’ பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மரம் நடுவோம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று எழுத ஆரம்பித்தால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. உலகமே சூடாகிறது என்கிறபோது எங்கள் ஆற்றில் மிதக்கும் நுரையெல்லாம் சின்ன விஷயம்தானா? நீங்கள் எப்போதும் தோல் தொழிலையே குறை சொல்கிறீர்கள் என்று அப்பாவுக்கு வருத்தம் வேறு. டேனரிகளை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ம., ஆம்பூர் வட்டம்
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ம.,

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் கை வைத்து வேலை பார்த்தவர்களின் நகங்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். மேல்விஷாரம் பக்கம் என் அத்தை வீட்டுத் தெருவில் பாதிப் பேர் அந்த வேலைதான். அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாய்த் தண்ணீர் வரும் நாளில்தான் சாம்பார். விருந்தாளி வருகிறார் என்றால் அத்தை முதலில் குடத்தைத்தான் எட்டிப் பார்ப்பாள். தெருவுக்குச் சோறு போட்டதும் அந்தத் தொழில், பருப்பு வேகாமல் செய்ததும் அந்தத் தொழில் என்பது அவளுக்கும் தெரியும். திட்டிக்கொண்டே இருப்பாள், மூடச் சொல்லமாட்டாள்.

இப்போது உங்கள் கேள்வி. சின்ன விஷயமா என்றால், இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு, அவ்வளவுதான். வானத்தில் சேரும் கரியமில வாயுவுக்கு முகவரி கிடையாது. எங்கோ ஒரு தேசத்து அனல்மின் நிலையத்துப் புகையும் நம் காட்பாடி ரோட்டு லாரிப் புகையும் ஒரே ஆகாயத்தில் கலந்துவிடுகின்றன. அதில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே இருக்கும். தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஒன்றரை டிகிரிக்கும் மேல் சூடாக இருந்த முதல் வருடம் 2024. அதில் யார் பங்கு எவ்வளவு என்று தேசங்கள் வருஷாவருஷம் மாநாடு கூட்டிச் சண்டை போடுகின்றன. டேனரிக் கழிவோடு பாலாற்றில் சேரும் உப்புக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை. எந்தக் கால்வாய் வழியாக வந்தது என்று ஆடு மேய்க்கிற பையன்கூடச் சொல்லிவிடுவான்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சில வருஷம் முன்பு ஒரு சுற்றுச்சூழல் தினக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அதிகாரி இமயத்துப் பனி உருகுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் உருக்கமாகப் பேசினார். மண்டபத்துக்கு வெளியே சாக்கடை நீலம் பூத்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் எல்லோருக்கும் ஆளுக்கொரு புங்கங்கன்று கொடுத்தார்கள். பூமி முழுவதும் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் பக்கத்துத் தெரு தப்பித்துக்கொள்கிறது. உங்கள் பேச்சு உங்களுக்கே சலிப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த நீலத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. உங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். நாற்றம் அப்போதும் உண்டு, இல்லையென்று நான் பொய் சொல்லமாட்டேன். 1970களில் பச்சைத் தோலாகவும் அரைப்பதத்திலும் ஏற்றுமதி செய்வதற்கு அரசு கடிவாளம் போட்டது. முழுதாகப் பக்குவம் செய்து அனுப்புங்கள் என்றது. வேலைவாய்ப்புக்கு நல்லதுதான். ஆனால் அந்த வேகத்தில், தோலையும் கழிவையும் நீலமாக்கும் குரோமிய உப்பு பரவியது. பட்டையில் வாரக்கணக்கில் ஆன வேலை டிரம்மில் ஒரு நாளில் முடிந்தது. வெளிநாட்டுக்கு ஷூ போனது, கழிவு இங்கேயே தங்கியது.

1991இல் வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, 35 ஆயிரம் ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் கெட்டுவிட்டது என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அழுக்காக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேர் விட்டது அந்தத் தீர்ப்பினால்தான். இன்று நாட்டில் எங்கே சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் ‘வேலூர்’ என்ற பெயர் அடிபடுகிறது. கோட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடுத்தபடியாக நமக்குக் கிடைத்த புகழ் இது! இழப்பீட்டுக் கணக்கையும் சொல்கிறேன். 29 ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களுக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்குச் சராசரி ஒன்பதாயிரம் சொச்சம். கிணறு கெட்டதற்கு, நிலம் கெட்டதற்கு, மாடு விற்றதற்கு. வழக்கு முடியவும் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைக் கையிலெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடச் சொன்னது. 1991இல் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது தாண்டி மூன்று நான்கு வயது.

சரி, பூமிச் சூடு நம் ஊருக்குச் சம்பந்தமில்லாததா? ரொம்பச் சம்பந்தம். நம்மூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லாக் கோயில், ராஜாவில்லாக் கோட்டை. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. ராஜாவை விடுங்கள். அந்த ‘நீரில்லா ஆறு’ என்பதில்தான் எனக்கு ஆட்சேபம். பாலாறு நீரில்லாத ஆறு அல்ல, நீரை மறைத்து வைத்த ஆறு.

தமிழ்நாட்டுக்குள் பாலாறு 222 கிலோமீட்டர் ஓடுகிறது. இவ்வளவு தூரத்தில் அதன் குறுக்கே பெரிய நீர்த்தேக்கம் ஒன்றுகூடக் கிடையாது. வாலாஜா பக்கத்தில் இருக்கும் அணைக்கட்டும் தண்ணீரை ஏரிகளுக்குத் திருப்பிவிடத்தான். அப்படியானால் வட ஆற்காடு எதைக் குடித்து வாழ்ந்தது? மணலை. மேலே ஆறு வறண்டு கிடக்கும், கையால் தோண்டினால் ஊற்று வரும். வெயில் மணலின் மேற்பரப்பைச் சுடும், சில அடி ஆழத்துக்குக் கீழே அதன் ஜம்பம் சாயாது. திறந்த ஏரியில் நிற்கும் தண்ணீரைக் கத்திரி வெயில் குடித்துவிடும், மணலுக்குள் இருப்பதைத் தொட முடியாது. வெயிலூர் என்று பேர் வாங்கிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தண்ணீர்த் தொட்டியை எந்த இன்ஜினியரும் கட்டியிருக்க முடியாது. ஆற்றிலிருந்து ஊற்றுக்கால்வாய் வெட்டிக் கழனிக்குக் கொண்டுபோனார்கள். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை.

அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளி வீடு கட்டிவிட்டோம். பல இடங்களில் இப்போது களிமண்ணும் பாறையும் பல்லிளிக்கின்றன, சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. பூமி சூடேறச் சூடேற ஆவியாவது கூடும். அதைத் தாங்கும் கவசத்தை, சூடு ஏறுகிற காலம் பார்த்துக் கழற்றி விற்றிருக்கிறோம்.

மழையும் மாறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். பிடித்ததை ஒரேயடியாகக் கொட்டும். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது உங்களுக்கும் நினைவிருக்கும். பாலத்தில் நின்று மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டார்கள். நானும் போய் வேடிக்கை பார்த்தேன். அதே மழையில், 19ஆம் தேதி விடியற்காலை, பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் செத்தார்கள். அந்த ஒரு மழையைப் பூமிச் சூட்டின் கணக்கில் நேராக எழுத முடியாது, ஆனால் அந்த மாதிரி மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. வந்த வெள்ளத்தை உறிஞ்சி வைக்க மணல் இருந்திருந்தால் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தேன், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மழை ராத்திரிகளில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் உங்கள் பக்கத்துக்காரர்கள் பல வருஷமாகச் சொல்வதுதான். மறுநாள் காலை தடுப்பணையில் பஞ்சுப் பொதி மாதிரி நுரை.

மூடிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. நிலத்தடியில் இறங்கிய உப்பு கதவைப் பூட்டியதும் எழுந்து போய்விடாது. ராணிப்பேட்டையில் ஒரு குரோமிய ஆலை மூடி ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகிறது, லட்சம் டன்னுக்கு மேல் கழிவு இன்னும் மலையாக நிற்கிறது. வேலையும் போய் விஷமும் மிஞ்சுவதற்கு அதுதான் சாட்சி. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைச் சுண்டக் காய்ச்ச ஏகப்பட்ட மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை, மூட்டை மூட்டையாகக் குவிகிறது. ஆற்றைக் காப்பாற்றப் போய் வானத்தில் கரி ஏற்றுகிறோம். இருந்தும் நான் சுத்திகரிப்பின் பக்கம்தான். கூரையில் சூரிய மின்சாரம் போட்டு அந்தக் கரியை ஓரளவு குறைக்கலாம். ஆற்றில் விட்டதைத் திரும்ப எடுக்க இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை. செலவு தோலை வாங்கும் கம்பெனியின் விலையில் ஏற வேண்டும், உங்கள் அப்பாவின் கூலியில் அல்ல.

மரம் நட வேண்டாமா என்று கேட்பீர்கள். நடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கணியம்பாடி பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் செய்ததை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓடைகளில் கல் தடுப்பு போட்டு, தண்ணீர் உள்ளே இறங்க உறைக்கிணறு இறக்கினார்கள். அதைப் பார்த்தபிறகு புங்கங்கன்று விநியோகம் உங்களுக்கே வேறுமாதிரி தெரியும்.

பேச்சுக்கு ஒரு யோசனை. ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் பண்ண வருகிறவர் பையில் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் இருக்கும், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும், சில நூறு ரூபாய்தான். ஒன்று வாங்கி உங்கள் ஊரில் பத்துக் கிணறு, போர் தண்ணீரை அளந்து பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது அரசுத் தரம். குரோமியம் இருக்கிறதா என்று அந்தப் பேனா சொல்லாது, உப்பை மட்டும்தான் சொல்லும். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். கிணறு எப்போதிலிருந்து கெட்டது என்று அப்பாவைக் கேட்டு, அவர் சொல்வதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம் அதே பத்துக் கிணற்றை மறுபடி அளந்து எனக்கு அனுப்பினால் இங்கேயே போடுகிறேன், அப்பா மறுப்பு எழுதினால் அதையும் சேர்த்து.

அன்புடன்.