குழந்தைக்காக சிகிச்சைக்குப் போன எனக்குக் கருத்தடை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சாப்பிடலாமா?

டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சை தொடங்கும் முன் 21 நாளுக்குக் கருத்தடை மாத்திரை தந்திருக்கிறார்கள், கர்ப்பப்பை வறண்டுவிடும் என்று மாமியார் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து எழுதியதுதான் என்றால் சாப்பிடுங்கள். நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன்.

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை. 50, 60 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வரும். முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை, ஸ்கேன், விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. மூன்று முறை எல்லாம் முடிந்து, கல்யாணமான ஐந்தாவது வருஷம் ஐ.வி.எஃப். என்கிற இந்த டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சைக்கு வந்து நின்றோம். மாத்திரை எதற்கு என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெடிக்கலில் சீட்டை வாங்கிப் பார்த்த பையன், "அக்கா, இது குழந்தை வேணாம்னு போடுறது. உங்களுக்குத்தானா?" என்று சத்தமாகக் கேட்டான். பக்கத்தில் அத்தை, அதாவது என் மாமியார், நின்றிருந்தார். பஸ்ஸில் வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "ஒரு குழந்தைக்கு ஏங்கிட்டு இருக்கிற வீட்ல இது எதுக்கும்மா?" என்றார். ஆறாவது நாள் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ரெண்டு நாளில் ரத்தப்போக்கு வந்தது, அந்த மாத சிகிச்சையே ரத்தானது. அந்த மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

பிறகு ஒரு நர்ஸ் அக்கா உட்கார வைத்துப் புரிய வைத்தார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முதலாவது முட்டையை வளர்க்கும், இரண்டாவது ஒரே நாளில் குப்பென்று ஏறி முட்டையை வெடிக்க வைக்கும். மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் ரத்தத்தில் ஒரே அளவில் இருப்பதால் பிட்யூட்டரி அடங்கிவிடுகிறது. முட்டை வளராது, வெடிக்காது. கருத்தடை நடப்பது இப்படித்தான்.

ஐ.வி.எஃப்.புக்கு முன்னால் இந்த அடங்கல்தான் உதவுகிறது. சும்மா விட்டால் சினைப்பைக்குள் முட்டை வளரும் சின்னப் பைகளில் ஒன்று முந்திக்கொண்டு வளர்ந்துவிடும், மற்றவை பின்தங்கும். நாற்று ஒரே உயரத்தில் இருந்தால்தானே நடவு சீராக வரும்? எல்லாப் பைகளும் ஒரே அளவில் காத்திருந்தால், ஊசி போடும்போது சேர்ந்து வளரும். ஆய்வகத்துக்கு ஏற்றபடி தேதி குறிக்கவும் வசதி. நீர்க்கட்டி உள்ளவர்களுக்குக் கூடுதலாக இருக்கும் எல்.எச்.சும் ஆண் ஹார்மோனும் குறைகின்றன. எல்லாருக்கும் இது தேவைப்படாது. மாத்திரையே இல்லாமல் தொடங்கும் டாக்டர்களும் உண்டு.

இதைக் கேட்டபிறகு நான் தேடிப் படித்த ஒரு விஷயத்தை உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள். இந்த மாத்திரைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான ஜான் ராக், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1950களின் தொடக்கத்தில், குழந்தைக்காகத் தன்னிடம் வந்த 80 பெண்களுக்கு மாத்திரையில் இருக்கும் இதே இரண்டு வகை ஹார்மோன்களைச் சில மாதம் கொடுத்து நிறுத்தினார். கருப்பைக்கு ஓய்வு கொடுத்தால் பலன் வரும் என்பது அவர் எண்ணம். நிறுத்திய சில மாதங்களுக்குள் 13 பேர் முழுகாமல் இருந்தார்கள். மருந்து சாப்பிட்ட காலத்தில் நாள் தள்ளி, வாந்தியும் வந்ததால், கரு தங்கிவிட்டது என்றே நம்பி ஏமாந்த பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களை நினைத்து அன்றைக்கு அழுதேன். நாள் தள்ளி, ஒவ்வொரு மணி நேரமும் பாத்ரூம் போய்ப் பார்க்கும் அந்தத் தவிப்பு நம் இருவருக்குமே தெரியும். மாதம் சில நாள் மருந்தை நிறுத்தி ரத்தப்போக்கு வரவைக்கும் முறை இதற்குப் பிறகுதான் வந்தது. கருத்தடைக்கென்று அமெரிக்க அரசு இதை அனுமதித்தது 1960ல்.

ஒன்று மட்டும் கவனம். ரத்தம் உறைதல், அதிக ரத்த அழுத்தம், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. தோழிக்குக் கொடுத்தார்கள் என்று கடையில் நீங்களாக வாங்கியும் போடாதீர்கள். மாத்திரை போடும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரெண்டாவது முறை தொடங்கியபோது 21 நாளும் விடாமல் போட்டேன். பிறகு பத்து நாள் வயிற்றில் ஊசி. ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் ஊசி டப்பா. கடைசி ஊசி சரியாக இரவு 10 மணிக்கு, அதிலிருந்து 36 மணி நேரம் கழித்து முட்டை எடுத்தார்கள். முதலில் வைத்த கரு தங்கவில்லை. உறைய வைத்திருந்ததை அடுத்து வைத்தார்கள், தங்கியது. மகள் இப்போது யு.கே.ஜி. போகிறாள்.

அடுத்த முறை போகும்போது மாமியாரையும் டாக்டர் அறைக்குள் கூட்டிப்போங்கள். ரெண்டாவது முறை அத்தையும் என்னோடு உள்ளே வந்தார். "இத நிறுத்தினா கர்ப்பப்பை பழையபடி ஆக எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்டார். "மாசமெல்லாம் இல்லம்மா. நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல ரத்தப்போக்கு வந்துடும், உடனே ஊசி ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் அத்தைதான் கொண்டுவந்து கொடுத்தார்.