மாணவர் பேரவைக்கு எந்த ஆப் சரி? – கேள்வி பதில்

கல்லூரியில் படித்தபோது ஒரு வருடம் மாணவர் பேரவைச் செயலாளராக இருந்தேன். இப்போது கல்லூரி அலுவலகங்களுக்கு மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு எல்லாம் அமைத்துக் கொடுப்பதுதான் வேலை. பேரவைக்குள் பேசிக்கொள்ள, முடிவுகளைப் பதிந்து வைக்க எதைப் பயன்படுத்தலாம் என்று குழம்புகிறவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்கள் பேரவையில் 24 பேர். ஒரு வாட்ஸ்அப் குழு போதாதா? – இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பேசுவதற்குப் போதும்மா. தகவல் தங்குவதற்குப் போதாது. எங்கள் வருடத்தில் கல்ச்சுரல்ஸுக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. திறந்தவெளி அரங்கிலிருந்து செமினார் ஹாலுக்கு நிகழ்ச்சியை மாற்றினோம். மாலை நாலு மணிக்குக் குழுவில் செய்தி போட்டாயிற்று. அன்றைக்கே பொருளாளருக்குப் பிறந்தநாள். வாழ்த்து, கேக் படம், ஸ்டிக்கர் என்று இரவு வரை ஓடியது. வெளிக்கல்லூரிக் குழுக்களை வரவேற்க வேண்டிய பையன் அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை ஒரு பறைக்குழு, பூட்டிய அரங்கின் கேட் முன்னால் ஒரு மணி நேரம் நின்றது. ஈரக் காற்றில் பறைத்தோல் தொய்ந்துபோய், சூடேற்ற வைக்கோல் கிடைக்குமா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர்கள் முகத்தில் இருந்தது இன்னும் மறக்கவில்லை.

24 பேருக்கு இரண்டு குழு வையுங்கள். ஒன்று பேச்சுக்கு. இன்னொன்று அறிவிப்புக்கு, அதில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். செலவு கிடையாது, இன்று இரவே செய்துவிடலாம். அறிவிப்புக் குழுவில் போட்டதைத்தான் பேரவை சொன்னதாகக் கொள்வோம் என்று முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற வருடச் செயலாளர் வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டார். ஸ்பான்சர் பட்டியல், பழைய பட்ஜெட் எல்லாம் அவருடைய சொந்த ஜிமெயிலில் மாட்டிக்கொண்டது. இப்படி நடக்காமல் இருக்க எந்த ஆப் நல்லது? – மூன்றாம் ஆண்டு மாணவர், சேலம்

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான் தம்பி. பேரவையின் ஆயுள் ஒரு வருடம். மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றுக்கொண்டது. மாணவர் தேர்தல் வருடா வருடம் நடக்க வேண்டும், அதுவும் கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் நடக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை மொத்த ஆட்களும் மாறுகிற அலுவலகம் வேறு எங்காவது உண்டா? அதனால் எந்த ஆப்பாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அடுத்த வருடம் வருகிறவர் கைக்கு அது முழுதாகப் போய்ச் சேருமா என்பதைத்தான்.

கணக்கு ஆளின் பேரில் இருக்கக் கூடாது, பதவியின் பேரில் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரிக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி இருந்தால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, செயலாளருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று வாங்குங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸின் கல்விப் பதிப்பில் அடிப்படைத் திட்டம் தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். மைக்ரோசாஃப்டிலும் ஏ1 என்ற இலவசத் திட்டம் உண்டு, குழுவாகப் பேசவும் கூட்டம் நடத்தவும் உதவும் டீம்ஸ் ஆப் அதோடு வரும். இரண்டில் ஒன்றைப் பல கல்லூரிகள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன, மாணவர்களுக்குத்தான் தெரிவதில்லை. கேட்டுப் பாருங்கள்.

கூகுள் என்றால் 'ஷேர்டு டிரைவ்' ஒன்றைத் திறந்து தரச் சொல்லுங்கள். சாதாரண டிரைவில் கோப்பு யார் உருவாக்கினாரோ அவருக்குச் சொந்தம். ஷேர்டு டிரைவில் அது நிறுவனத்துக்குச் சொந்தம். போட்டவர் கல்லூரியை விட்டுப் போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும். சொந்த ஜிமெயில் கணக்கில் இந்த வசதி இல்லை. சொந்தக் கணக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு வருடம் யாரும் தொடாமல் கிடந்தால் கூகுள் அதை அழித்துவிடலாம். 'பேரவைக்காக' என்று யாரோ தொடங்கிவிட்டு மறந்த ஜிமெயில் அப்படித்தான் போகும்.

இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று பெரிய தலைவலி தரும். பதவிக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் அமைப்பு, போட்டால் ஓடிபி யாருடைய போனுக்கு வரும்? பழைய செயலாளருக்குத்தான். அந்த போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய, கூகுள் கணக்கில் பத்து பேக்கப் குறியீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு. அவற்றை அச்சடித்து, கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, அலுவலக பீரோவில் வையுங்கள்.

எனக்கு முன்னால் இருந்த அண்ணன் இதெல்லாம் செய்யவில்லை. ஆனால் ஒரு நீள நோட்டு கொடுத்துவிட்டுப் போனார். பந்தல்காரர், மைக் செட், ஜெனரேட்டர், பேனர் அடிக்கிறவர் என்று பெயரும் நம்பரும், எவ்வளவு கொடுத்தார்கள், யார் முன்பணம் இல்லாமல் வருவார் என்று பென்சிலில் குறிப்பும் இருந்தன. அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஸ்லாக், டிஸ்கார்ட், டெலிகிராம் – மூன்றில் எது? – பேரவைத் தலைவர், கோயம்புத்தூர்

ஸ்லாக் அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்கிற ஆப். அதன் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திதான் தெரியும். ஆகஸ்டில் ஸ்பான்சரோடு பேசி முடித்ததைப் பிப்ரவரி கல்ச்சுரல்ஸ் நேரத்தில் தேடினால் வராது. பணம் கட்ட முடியாத பேரவைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

டிஸ்கார்டில் பழைய செய்திகள் அப்படியே இருக்கும். விளையாட்டு, கலை, நிதி என்று தனித்தனிச் சேனல் வைக்கலாம். பதவிக்கு ஏற்ற ரோல் கொடுக்கலாம், ஆள் மாறும்போது ரோலை மாற்றினால் போதும். உங்களில் முக்கால்வாசிப் பேர் கேம் விளையாடுவதற்காக ஏற்கெனவே அதில் இருந்தால் தயங்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் பத்துப் பேர் வருவார்கள், மீதிப் பேர் வாட்ஸ்அப்பிலேயே இருப்பார்கள், நீங்கள் ஒரே செய்தியை இரண்டு இடத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

என் ஓட்டு டெலிகிராமுக்கு. குழு அமைப்பை மாற்றி வைத்தால், புதிதாகச் சேர்பவர் முதல் நாள் பேச்சிலிருந்து படிக்கலாம். போன் நம்பரை மறைத்துக்கொள்ளலாம். ஒரே குழுவுக்குள் தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம். ஆனால் அதன் சாதாரண அரட்டை, வாட்ஸ்அப் போல முனைக்கு முனை மறையாக்கம் ஆவதில்லை, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடியும்படி பூட்டப்படுவதில்லை. ஒரு மாணவர் சொந்தப் பிரச்சினை சொல்லி உதவி கேட்டால் அதை அங்கே எழுதாதீர்கள், நேரில் பேசுங்கள்.

கைமாற்றும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். டெலிகிராமில் குழு உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க, கொடுப்பவர் தன் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டு ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். பதவியேற்பு விழா மேடையில் நின்றுகொண்டு செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் சிக்கல் வேறு. குழுவைத் தொடங்கியவரை மற்ற அட்மின்கள் நீக்க முடியாது, அவராக வெளியேறினால்தான் உண்டு. அதனால் ஒவ்வொரு வருடமும் புதுக் குழு தொடங்குவதே நல்லது.

மொத்தக் கல்லூரிக்கும், 3,000 பேருக்கு, தகவல் சொல்ல வேண்டும். – கிளாஸ் ரெப், மதுரை

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்தான் சேரலாம். பிரித்துப் பிரித்துக் குழு போடாதீர்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரு பெண்ணின் நம்பர் தெரிவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரவு பதினொரு மணிக்கு 'ஹாய்' வரும், அதற்குப் பேரவைதான் காரணம். வாட்ஸ்அப் சேனல் வையுங்கள். பின்தொடர்கிறவர்கள் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனால் சேனல் பொதுவெளி. அங்கே யாருடைய பெயரும் ரோல் நம்பரும் போடாதீர்கள்.

ஃப்ரெஷர்ஸுக்குச் சீனியர்கள் தனிக் குழு தொடங்கி வேலை வாங்குகிறார்கள். பேரவை என்ன செய்யலாம்? – பெயர் வேண்டாம்

வாட்ஸ்அப் குழு வழியாக ஜூனியர்களைத் துன்புறுத்துவதையும் ராகிங்காகவே நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குழுவிலிருந்து அவசரப்பட்டு வெளியேறி ஆதாரத்தை இழக்காதீர்கள். ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. பேரவையின் சேனலில் முதல் வாரமே இந்த எண்ணைப் போடுங்கள். இதைக் கேட்டவரே, தயவுசெய்து இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

ஸ்டாஃப் அட்வைசரைக் குழுவில் சேர்க்கவா? சேர்த்தால் யாரும் பேச மாட்டார்கள். – துணைச் செயலாளர், தஞ்சாவூர்

அறிவிப்புக் குழுவில் கட்டாயம் சேருங்கள். பேச்சுக் குழுவில் வேண்டாம். ஆனால் அவர் இல்லை என்பதற்காக அங்கே வாய்க்கு வந்ததை எழுதலாம் என்று நினைக்காதீர்கள். எல்லாமே ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே போகும்.

குழுவில் போல் (வாக்கெடுப்பு) போட்டு முடிவெடுத்தால் செல்லுமா? – செயற்குழு உறுப்பினர், சென்னை

டி-ஷர்ட் நிறத்துக்குச் செல்லும். வாட்ஸ்அப் போலில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கு எதிராக வாக்களிக்க முதலாண்டு மாணவர் தயங்குவார். டெலிகிராமில் பெயர் தெரியாமல் வாக்களிக்க வைக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட முடிவென்றால் கூட்டம் கூட்டுங்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள், மினிட்ஸ் எழுதுங்கள். பிறகு அறிவிப்புக் குழுவில் ஒரே மாதிரி அமைப்பில் போடுங்கள்: "முடிவு: ஒலி, ஒளி செலவுக்கு 18,000 ரூபாய். பொறுப்பு: பொருளாளர். கெடு: வெள்ளி." ஒவ்வொரு முறையும் 'முடிவு' என்ற சொல்லில் தொடங்கினால் ஆறு மாதம் கழித்து அந்தச் சொல்லைத் தேடினாலே எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஒரு தடவை 'தீர்மானம்', ஒரு தடவை 'டிசிஷன்' என்று எழுதினால் வராது.

எங்கள் ஹாஸ்டலில் இரவு போன் வாங்கி வைத்துவிடுவார்கள். சிலரிடம் ஸ்மார்ட்போனே இல்லை. – மாணவி, விழுப்புரம்

நல்ல வேளை கேட்டீர்கள். மெஸ் வாசலில் ஒரு நோட்டீஸ் போர்டு, காலை முதல் பீரியடில் கிளாஸ் ரெப் வாசிக்க ஒரு தாள். சேனலில் போடுவதை அப்படியே அச்சடித்தால் போதும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு நிறுவனம் டிஎல்டி என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்கிற பதிவைச் செய்திருக்க வேண்டும். ஃபீஸ் கட்டச் சொல்லிச் செய்தி அனுப்புவதற்காகக் கல்லூரி அலுவலகம் ஏற்கெனவே பதிந்திருக்கலாம், விசாரியுங்கள். பேரவை தனியாக முயல வேண்டாம்.

நான் கணினி அறிவியல். ஜூலிப்பை நாங்களே சர்வரில் நிறுவலாமா? – இறுதியாண்டு, காரைக்குடி

நல்ல குழு அரட்டை மென்பொருள், திறந்த மூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்), தலைப்பு வாரியாகப் பேச அதைவிடச் சிறந்தது நான் பார்த்ததில்லை. ஆனால் ஏப்ரலில் நீங்கள் போய்விடுவீர்கள். இரண்டாம் ஆண்டில் ஒருவருக்கு இப்போதே அப்டேட், பேக்கப் எல்லாம் கற்றுக்கொடுத்து, அவர் தனியாக ஒரு தடவை செய்து காட்டினால் நிறுவுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

நாளை பொறுப்பேற்கிறோம். முதல் வேலை என்ன அக்கா? – புதிய செயலாளர், நாகர்கோவில்

வாழ்த்துகள். சால்வை போட்டு முடிந்ததும் பழைய செயலாளரை ஒரு மணி நேரம் பிடித்து உட்கார வையுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். அவர் கணக்கைத் திறக்கட்டும், கடவுச்சொல்லை நீங்கள் மாற்றுங்கள், மீட்பு எண்ணையும் மாற்றுங்கள், புதுப் பேக்கப் குறியீடுகளை அச்சடித்துப் பழைய கவரைக் கிழித்துவிடுங்கள். பிறகு போன வருடம் எந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவர் பெங்களூரு பஸ் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.