எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல ரெவிட், கேம் எல்லாம் போட்டு ஓட்டலாமா?

பெரம்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, பி.ஆர்க் படிக்கிறாராம். "அண்ணா, என் லேப்டாப்ல 256 ஜிபி எஸ்எஸ்டிதான், இப்போ 14 ஜிபிதான் காலி. கட்டட டிசைனுக்கு ரெவிட், ஆட்டோகேட் ரெண்டும் போடணும், லீவ்ல விளையாட ஒரு பெரிய கேமும் போடணும். வீட்ல அப்பாவோட பழைய 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கு. எல்லாத்தையும் அதுல இன்ஸ்டால் பண்ணிட்டா, வேளச்சேரில அக்கா வீட்டுக்குப் போறப்ப அங்க இருக்கிற டெஸ்க்டாப்ல செருகியும் ஓட்டலாம்ல?"

தம்பி, பதிலை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஏன்னு பாக்கலாம். எக்ஸ்டெர்னல்ல இன்ஸ்டால் பண்ணி ஓட்ட முடியும். ஆனா அப்பாவோட அந்த டிஸ்க்ல வேணாம். கேமை ஒரு எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டில போடுங்க, ரெவிட்டும் ஆட்டோகேடும் சி டிரைவ்லயே இருக்கட்டும். ஒரு மிஷின்ல இன்ஸ்டால் பண்ணதைத் தூக்கிட்டுப் போய் இன்னொரு மிஷின்ல செருகி ஓட்டுறது ரெவிட் விஷயத்துல நடக்காது.

அந்த டிஸ்க்கைச் செருகினதும் கையில லேசா ஒரு அதிர்வு தெரியும் பாருங்க, அது உள்ள தட்டு சுத்துறது. இந்த மாதிரி சின்ன போர்ட்டபிள் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்துதான். ஒரு சினிமா ஃபைலை காப்பி பண்ணா செகண்டுக்கு 100 எம்பிக்கு மேல தாராளமா போகும், அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வேகமாத்தானே இருக்குன்னு நினைக்கிறாங்க. சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகிறது அந்த மாதிரி இல்ல, ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைலை இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு படிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் படிக்கிற ஹெட் நகரணும், தட்டு சுத்தி அந்த இடம் கீழ வரணும், ஒரு தடவைக்கே கிட்டத்தட்ட 15 மில்லி செகண்ட் போயிடும், அப்போ செகண்டுக்கு அறுபது எழுபது தடவைதான் எடுக்க முடியும். கோயம்பேட்ல ஒரே கடையில ஒரு மூட்டை வெங்காயம் தூக்கிட்டு வர்றது வேற, ஐம்பது கடை ஏறி இறங்கி கால் கிலோ கால் கிலோவா வாங்கிட்டு வர்றது வேற. நீங்களே சோதிச்சுப் பாக்கலாம். அந்த டிஸ்க்ல ஏதாவது ஒரு பெரிய புரோகிராமை ஓப்பன் பண்ணிட்டு டாஸ்க் மேனேஜர்ல பர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்க, டிஸ்க் 100 பர்சென்ட்ல நிக்கும், ஆனா கீழ வேகம் 1 எம்பி, 2 எம்பின்னுதான் காட்டும். எஸ்எஸ்டில சுத்துற தட்டே கிடையாது, இதே வேலையை செகண்டுக்கு ஆயிரக்கணக்குல செய்யும்.

அதனால பழைய டிஸ்க்கை பேக்கப்புக்கு வச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, அதைப் போட்டு டிஸ்க்கோட ஹெல்த்தைப் பாத்துடுங்க, நீலத்துல "குட்"னு வந்தா சரி, மஞ்சள்ல "காஷன்"னு வந்தா உங்க டிசைன் ஸ்டூடியோ ஃபைல் ஒண்ணைக்கூட அதை நம்பி வைக்காதீங்க.

இப்போ ரெவிட் ஏன் எக்ஸ்டெர்னல் வேணாம்னு சொல்றேன்னா, சாஃப்ட்வேர்ங்கறது ஒரு ஃபோல்டருக்குள்ள அடங்கி உக்காந்திருக்கிற பொருள் இல்ல. இன்ஸ்டால் பண்றப்ப நீங்க இடத்தை மாத்திக் குடுத்தாலும் அது பாதிதான் அங்க போகும். ரெவிட் 30 ஜிபி காலி இடம் கேக்குது. டவுன்லோட் பண்ண இன்ஸ்டாலர் முதல்ல சி டிரைவ்ல ஆட்டோடெஸ்க்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல தன்னைப் பிரிச்சுக்கும். லைசென்ஸ் பாக்குற சர்வீஸ் சி டிரைவ்ல காமன் ஃபைல்ஸ்க்குள்ள போய் உக்காரும். கதவு, ஜன்னல் மாதிரி ரெடிமேட் பாகம் இருக்கிற ஃபேமிலி லைப்ரரி, புரோகிராம் டேட்டாங்கற ஃபோல்டருக்குள்ள போகும், அந்த ஃபோல்டர் சாதாரணமா கண்ணுக்கே தெரியாது, வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணாத்தான் தெரியும். ஒவ்வொரு தடவை ரெவிட் ஓப்பன் பண்ணும்போதும் ஜர்னல்னு ஒரு ஃபைல் எழுதும், அது உங்க யூசர் ஃபோல்டர்ல ஆப் டேட்டாவுக்குள்ள. விண்டோஸ் செட்டிங் எல்லாம் எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரில நூத்துக்கணக்கா என்ட்ரி. இத்தனையும் உங்க லேப்டாப்ல வேர் விட்டிருக்கும்போது எக்ஸ்டெர்னலை மட்டும் பிடுங்கி அக்கா வீட்டு டெஸ்க்டாப்ல செருகினா அந்த விண்டோஸுக்கு ரெவிட்னா என்னன்னே தெரியாது, ஐகானை டபுள் கிளிக் பண்ணா எரர்தான் வரும். டிரைவர், ஆன்டிவைரஸ், விபிஎன் மாதிரி விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போதே ஓட வேண்டியதும் அப்படித்தான், அதெல்லாம் சி டிரைவை விட்டு நகரக்கூடாது.

போர்ட்டபிள்னே செஞ்சு விட்ட சாஃப்ட்வேர் மட்டும்தான் இதுக்கு விதிவிலக்கு. 3டி மாடல் செய்ற பிளெண்டர் ஜிப்பா கிடைக்குது, எங்க பிரிச்சுப் போட்டாலும் ஓடும். புரோகிராம் எழுதுற விஎஸ் கோட்லயும் ஜிப் வெர்ஷனை பிரிச்சு அதுக்குள்ள "டேட்டா"ன்னு ஒரு காலி ஃபோல்டர் போட்டுட்டா செட்டிங், எக்ஸ்டென்ஷன் எல்லாம் கூடவே வரும். கேமும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். கேம் வாங்கி இறக்குற ஸ்டீம் ஆப்ல செட்டிங்ஸ் போய் ஸ்டோரேஜ்ல எக்ஸ்டெர்னல் டிரைவைச் சேத்துட்டு கேமை அங்க இன்ஸ்டால் பண்ணுங்க, அக்கா வீட்டு டெஸ்க்டாப்ல ஸ்டீம் மட்டும் போட்டு உங்க ஐடில லாகின் பண்ணி அதே டிரைவை அங்கயும் ஸ்டோரேஜ்ல சேத்தா, இருக்கிற கேமை அதுவே கண்டுபிடிச்சுக்கும், பெரும்பாலும் மறுபடி டவுன்லோட் பண்ண வேண்டியதில்ல.

சரி, ரெவிட்டுக்கு சி டிரைவ்ல இடத்துக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. 256 ஜிபின்னு வாங்கினது விண்டோஸ்ல 238 ஜிபியாத்தான் காட்டும், அது யாரும் ஏமாத்தினதில்ல, கணக்குப் போடுற விதம் வேற. அதுல என்னெல்லாம் அடைச்சிட்டு இருக்குன்னு பாருங்க. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள ஸ்டோரேஜ், அதுக்குள்ள டெம்பரரி ஃபைல்ஸ். விண்டோஸ் பெரிய அப்டேட் சமீபத்துல வாங்கியிருந்தா பழைய விண்டோஸ் மொத்தமும் அங்கயே கிடக்கும், பத்து இருபது ஜிபி அதுலயே வரும். அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும், அவசரத்துல அதையும் டிக் பண்ணி உங்க ஃபைலை அழிச்சிடாதீங்க. ஹைபர்னேட், அதாவது திறந்திருக்கிறதை அப்படியே டிஸ்க்ல எழுதிட்டு ஆஃப் ஆகிறது, அதை யூஸ் பண்ணலன்னா அதை ஆஃப் பண்ணுங்க, ரேம்ல கிட்டத்தட்ட 40 பர்சென்ட் அளவுக்கு ஒரு ஃபைல் எப்பவும் இடம் பிடிச்சிட்டு இருக்கும், 16 ஜிபி ரேம்னா 6 ஜிபிக்கு மேல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போயிடும், எஸ்எஸ்டி இருக்கிற மிஷின்ல அது பெருசா தெரியாது. போட்டோ, வீடியோ, பழைய செமஸ்டர் ஃபைல் எல்லாம் வெளிய போகட்டும். ரெவிட் இன்ஸ்டால் முடிஞ்சு நல்லா ஓடுதுன்னு பாத்தப்புறம் அந்த ஆட்டோடெஸ்க் ஃபோல்டரையும் வெளிய தூக்கிப் போட்டுக்கலாம், பின்னாடி ரிப்பேர் பண்ணணும்னா கேக்கும், அதனால அழிக்க வேணாம். இவ்வளவு செஞ்ச பிறகும் சி டிரைவ்ல ஒரு 20 ஜிபியாவது காலியா விட்டு வைங்க, டெம்ப் ஃபைல் எல்லாம் அங்கதான் எழுதும், இடம் இல்லன்னா நீங்க சேவ் குடுக்குற நேரம் பாத்துத்தான் அது தொங்கும்.

இப்போ நான் உண்மையிலேயே சொல்ல நினைக்கிறது. உங்க லேப்டாப்ல எஸ்எஸ்டி கழட்டி மாட்டுற மாதிரி இருந்தா, மெல்லிசான சில மாடல்ல போர்டோட ஒட்டியே வரும், அதனால மாடல் நம்பரை வச்சு முதல்ல பாத்துக்கோங்க, எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி வாங்குற காசுக்கு லேப்டாப்புக்குள்ள மாட்டுற 1 டிபி எம் டாட் டூ எஸ்எஸ்டி ஒண்ணும், எஸ்எஸ்டியை உள்ள போட்டு யூஎஸ்பில செருகுற டப்பா, அதான் என்க்ளோஷர், அது ஒண்ணும் வாங்கிடுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டுமே கிடைக்கும். புதுசை என்க்ளோஷர்ல போட்டு செருகி, பழைய எஸ்எஸ்டியை அப்படியே அதுக்கு குளோன் பண்ணிட்டு, புதுசை லேப்டாப்புக்குள்ள மாட்டிடுங்க. கழட்டின 256 ஜிபி அதே என்க்ளோஷருக்குள்ள போயிடும், அதை அழிச்சு ஃபார்மேட் பண்ணா உங்க கேமுக்கு எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி ரெடி. எம் டாட் டூல என்விஎம்இ, சாட்டான்னு ரெண்டு வகை இருக்கு, இது வேலை செய்ய பழசும் புதுசும் ஒரே வகையா இருக்கணும், என்விஎம்இன்னா என்விஎம்இ, சாட்டான்னா சாட்டா, கடையில என்க்ளோஷர் வாங்குறப்பவே சொல்லிக் கேளுங்க. குளோன் பண்றதுக்கு முன்னாடி பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி, ஆன்ல இருக்கான்னு பாருங்க, இப்போ வர்ற நிறைய லேப்டாப்ல நம்மளைக் கேக்காமலே ஆன் ஆகியிருக்கு. ரிகவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், அதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு, பிட்லாக்கரை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் ஆரம்பிங்க. கீ இல்லாம மாட்டிக்கிட்டு ஃபைனல் இயர் புராஜெக்ட்டோட கண் கலங்கி வந்தவங்களைப் பாத்திருக்கேன், அந்த நேரத்துல யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. குளோன் முடிஞ்சதும் சி டிரைவ் இன்னும் 238னே காட்டினா பயப்படாதீங்க, நடுவுல ரிகவரி பார்ட்டிஷன் குறுக்க நிக்கும், குளோன் சாஃப்ட்வேர்லயே பார்ட்டிஷனை இழுத்துப் பெருசாக்குற ஆப்ஷன் இருக்கும்.

என்க்ளோஷர் ஆகட்டும் ரெடிமேட் எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி ஆகட்டும், நல்லதை வாங்கி ஓட்டைக் கேபிள்ல மாட்டினா காசு வீண். போன் சார்ஜரோட வர்ற சி கேபிள் நிறைய யூஎஸ்பி 2.0 தான், செகண்டுக்கு 35, 40 எம்பி தாண்டாது. 5 ஜிகாபிட் போர்ட்னா நடைமுறையில 400 எம்பிக்கு மேல, 10 ஜிகாபிட்னா 1000 எம்பி பக்கத்துல வரும், நீங்க ஓட்டுற கேமுக்கு 5 ஜிகாபிட்டே போதும்னுதான் சொல்லுவேன். டப்பாவோட வந்த கேபிளையே யூஸ் பண்ணுங்க, ஹப்ல மாட்டாம நேரா லேப்டாப்ல மாட்டுங்க. நம்ம ஊர் கத்திரி வெயில்ல என்விஎம்இ என்க்ளோஷர் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும், சூடு ஏறினா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். அலுமினியம் பாடியா, உள்ள தெர்மல் பேட் ஒட்டினதா பாத்து வாங்குங்க, மெத்தை மேலயும் தலகாணி மேலயும் வச்சு ஓட்டாதீங்க.

எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டியை விண்டோஸோட என்டிஎஃப்எஸ் முறையில ஃபார்மேட் பண்ணுங்க. டிரைவ் லெட்டரை கட்டாயம் நிரந்தரமா ஆக்கிடுங்க, இதை விட்டுட்டுத்தான் பாதி பேர் நேத்து ஓடின கேம் இன்னிக்கு காணோம்னு கேக்குறாங்க. நேத்து ஈ-ன்னு இருந்த டிஸ்க், நடுவுல ஒரு பென்டிரைவ் செருகியிருந்தா இன்னிக்கு எஃப்-ன்னு வரும், புரோகிராம் ஈ-லயே போய்த் தேடிட்டு இருக்கும். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் ஓப்பன் பண்ணுங்க, உங்க டிஸ்க் மேல ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர், அங்க எக்ஸ் மாதிரி கடைசிப் பக்கத்து எழுத்து ஒண்ணைக் குடுத்துடுங்க, வேற எதுவும் அவ்வளவு தூரம் வந்து அந்த எழுத்தைப் பிடிக்காது. அக்கா வீட்டு மிஷின்லயும் அதே எக்ஸையே குடுங்க.

ஓடிட்டு இருக்கும்போது கேபிள் அசையக்கூடாது. ஒரு தடவை தாம்பரத்துல இருந்து பீச் போற எலெக்ட்ரிக் டிரெயின்ல மடியில லேப்டாப், எஸ்எஸ்டி பக்கத்துல தொங்குது, ஒரு கஸ்டமரோட வீடியோ புராஜெக்ட் எக்ஸ்டெர்னல்லயே ஓப்பன் பண்ணி வச்சிருக்கேன், கிண்டில ஏறின கூட்டத்துல ஒரு பை இடிச்சு கேபிள் அரை செகண்ட் கழண்டு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான், ஸ்க்ரீன் உறைஞ்சிடுச்சு, மறுபடி ஓப்பன் பண்ணா புராஜெக்ட் ஃபைல் கரப்ட். ரெண்டு நாள் வேலையைத் திரும்பச் செஞ்சு குடுத்தேன். அதுல இருந்து எஸ்எஸ்டிக்குப் பின்னாடி வெல்க்ரோ ஒட்டி லேப்டாப் மூடி மேல பதிச்சு வச்சிருக்கேன், கேபிளும் ஒரு ஜாண்தான். வேலை செய்ற ஃபைல் சி டிரைவ்ல, முடிச்சதும் காப்பி எக்ஸ்டெர்னல்ல, உங்க டிராயிங்குக்கும் இந்த வழக்கத்தையே வச்சுக்கோங்க. கழட்டுறப்ப புரோகிராமை மூடிட்டு சேஃப்லி ரிமூவ் குடுங்க.

அக்கா வீட்டு டெஸ்க்டாப்புக்கு வருவோம். முன்னாடி இருக்கிற கறுப்பு போர்ட்ல மாட்டாதீங்க, அது பெரும்பாலும் 2.0, பின்னாடி நீலமா இருக்கிற போர்ட்ல மாட்டுங்க. ரெவிட்டை அங்க தனியா இன்ஸ்டால் பண்ணி உங்க ஸ்டூடண்ட் ஐடில சைன் இன் பண்ணிக்கோங்க, எக்ஸ்டெர்னல்ல போறது வர்றது உங்க டிராயிங் ஃபைல் மட்டும்தான். ரெண்டு மிஷின்லயும் ஒரே வருஷ வெர்ஷன் போடுங்க தம்பி. லேப்டாப்ல 2024 வச்சுட்டு அங்க 2025 போட்டீங்கன்னா, அங்க ஓப்பன் பண்ணி ஒரு தடவை சேவ் பண்ண ஃபைல் அப்கிரேட் ஆகிடும், திரும்பி வந்து உங்க லேப்டாப்ல திறக்கவே திறக்காது, பின்னாடி போற வழி ரெவிட்ல கிடையாது. அங்க போய் இறங்கினதும் முதல்ல வெர்ஷனைப் பாருங்க, அப்புறம் ஃபைலைத் தொடுங்க.