அந்தச் சிரிப்பு ஒட்டவைத்ததல்ல

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வந்த மகள் ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சி நாடகத்தின் இறுவட்டுத் தொகுதியைத் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். எழுபது ஆண்டுகளுக்கு முந்திய கறுப்பு வெள்ளை. பின்னால் ஒட்டவைத்த சிரிப்பொலி வேறு. நல்ல காட்சிகள் யூரியூப்பில் இலவசமாகக் கிடைக்கும்போது, பேரப்பிள்ளைகளை இருத்தி வைத்து முழுவதையும் பார்ப்பதால் என்ன பயன்? (வாசகர், கொக்குவில்)

பதில்: முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பு ஒட்டவைத்ததல்ல. 1951 ஒக்டோபரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்த நாடகம், கலையகத்தில் பார்வையாளர்களை இருத்தி, அவர்கள் முன்னிலையில் நடிக்கப்பட்டு, மூன்று கமெராக்களால் ஒரே வேளையில் படமாக்கப்பட்டது. நீங்கள் கேட்பது அன்று அங்கே இருந்தவர்களின் சிரிப்பு.

அக்காலத்தில் இத்தகைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகின. தொலைதூர ஊர்களுக்குப் போனது, திரையில் ஓடுவதைப் படம் பிடித்த மங்கலான பிரதிதான். லூசியாக நடித்த லூசில் போலும், லூசியின் கணவன் ரிக்கியாக நடித்த அவருடைய கணவர் டெசி ஆர்னாஸும் லொஸ் ஏஞ்சல்ஸை விட்டு வர மறுத்து, 35 மி.மீ. படச்சுருளில் எடுப்போம் என்று நின்று, அதற்காகத் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, படங்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பிடிவாதத்தின் பலனாகத்தான், லூசியின் முகத்தில் ஓடும் ஒவ்வொரு சுளிப்பும் இன்று உங்கள் வீட்டுத் திரையில் துலக்கமாகத் தெரிகிறது. ‘இலண்டன் கந்தையா’வை வானொலியில் கேட்டுச் சிரித்த நம்மில் எத்தனை பேரிடம் அது முழுமையாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, நல்ல காட்சிகள் மட்டும் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் யூரியூப்பில் பார்த்தது பெரும்பாலும் சொக்லேற் தொழிற்சாலைக் காட்சியாகத்தான் இருக்கும். ஓடும் பட்டியில் வரும் சொக்லேற்றுகளைச் சுற்றி முடிக்க இயலாமல் லூசியும் அயல்வீட்டுத் தோழி எத்தலும் வாயிலும் சட்டைக்குள்ளும் திணிக்க, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று நம்பிய மேற்பார்வையாளர் பட்டியை இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். ஆனால் 1952இல் ஒளிபரப்பான அந்த அத்தியாயம், லூசி எழுதிய காசோலைக்கு வங்கியில் பணமில்லாமற் போனதால் எழும் சண்டையில் தொடங்குகிறது. உழைப்பது கடினமா, வீடு பார்ப்பது கடினமா என்று வாதம் முற்றி, ரிக்கியும் எத்தலின் கணவரும் குசினிக்கும், பெண்கள் இருவரும் வேலைக்கும் போகிறார்கள். ஆளுக்கு ஒரு றாத்தல் என்று கணக்குப் போட்டு ரிக்கி நான்கு றாத்தல் அரிசியை உலையில் இடுகிறார்; சோறு பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. தொழிற்சாலையில் தோற்ற பெண்களும் குசினியில் தோற்ற ஆண்களும் கடைசியில் ஒரே வீட்டில் சந்திக்கும்போதுதான் கதை நிறைகிறது. துண்டுக் காட்சியில் பாதி வாதம் போய்விடுகிறது. பெண்கள் திண்டாடுவது மாத்திரம் மிஞ்சுகிறது. இது அந்த நாடகத்துக்கு இழைக்கும் அநியாயம் என்றே சொல்வேன். மறு ஒளிபரப்புகளிலும் விளம்பரத்துக்கு இடம் விட்டுக் காட்சிகளைக் கத்தரித்தார்கள் என்பதால், இறுவட்டுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

பேரப்பிள்ளைகளுக்கு அந்த அத்தியாயத்தையே முதலில் போடுங்கள். சோறு பொங்கும் இடத்தில் அவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. ஒரேயொரு எச்சரிக்கை: சில அத்தியாயங்களில் ரிக்கி மனைவியை மடியில் கிடத்தி அடிப்பதை வேடிக்கையாகக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டி ஓட்டிவிடாமல், அங்கே நிறுத்தி, அது பிழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மேலே பாருங்கள்.