மத்தேயு 6:11இல் வரும் 'எபியூசியோஸ்' என்ற கிரேக்கப் பெயரடையின் பொருள் 'அன்றாட' என்பதுதானா?

இயேசு சீடர்களுக்குக் கற்பித்த கர்த்தருடைய ஜெபத்தில் அப்பத்துக்கு அடையாக வரும் இச்சொல்லை, 'வரும் நாளுக்குரிய' என்று கொள்வதே இலக்கணத்துக்கு மிகவும் பொருந்தும் என்பது என் முடிவு.

மூலத்தில் 'தொன் ஆர்தொன் ஹேமோன் தொன் எபியூசியோன்' ('எங்கள் எபியூசியோஸ் அப்பத்தை') என்றிருக்கிறது. 'தொன்' என்ற சுட்டு (ஆங்கில 'the' போன்றது) பெயருக்குப் பின் மீண்டும் வந்து அடையைத் தழுவுவதால், எபியூசியோன் என்பது ஆர்தொன் (அப்பம்) என்னும் பெயருக்கு அடையே தவிர, பயனிலை ஆகாது. இதில் ஐயமில்லை.

சிக்கல் சொற்பிறப்பில்தான் இருக்கிறது. மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டு இடங்களைத் தவிரப் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இச்சொல் இல்லை. கிரேக்க அறிஞரும் பொதுமக்களும் வழங்காத இதை நற்செய்தியாளர்களே ஆக்கியதாகத் தோன்றுகிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்கக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதினார். எகிப்தியப் பாப்பிரஸ் (நாணல் தாள்) செலவுக் கணக்கொன்றில் இச்சொல் இருப்பதாக 1889இல் ஆங்கில அறிஞர் சேய்ஸ் வெளியிட்ட வாசிப்பு நெடுங்காலம் சான்றாகக் காட்டப்பட்டது. தொலைந்த அவ்வேடு மீண்டும் கிடைத்தபின், அங்கிருப்பது எண்ணெயைக் குறிக்கும் சொல் என்று 1999இல் தெளிவானது. ஆகவே சொல்லின் உறுப்புகளையே ஆராய வேண்டியிருக்கிறது.

'எபி' என்ற முன்னொட்டோடு 'ஊசியா' (இருப்பு, உள்பொருள்) சேர்ந்தது என்பது ஒரு கருத்து. விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் மத்தேயுவில் 'பொருள்நிலைக்கு மேலான' என்ற கருத்துத் தரும் லத்தீன் சொல்லை இட்டதற்கு இதுவே அடிப்படை. ஆனால் லூக்காவில் அதே கிரேக்கச் சொல்லுக்கு அவருடைய லத்தீன் பாடம் 'அன்றாட' என்கிறது. இக்கருத்துக்குப் புணர்ச்சி விதி தடையாக நிற்கிறது. நம் குற்றியலுகரம் உயிர்முன் கெடுவதுபோல, 'எபி'யின் இகரமும் உயிர்முன் பொதுவாகக் கெடும்; 'ஊரானோஸ்' (வானம்) சேரும்போது 'எபூரானியோஸ்' என்றே ஆகிறது. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், 'எபியூசா' (வருகிற நாள்) என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகக் கொண்டால் விதிவிலக்கே தேவையில்லை, ஏனெனில் அங்குள்ள இகரம் 'செல்' என்னும் வினையடிக்கு உரியது. அப்போஸ்தலர் 16:11இல் 'மறுநாள்' என்ற பொருளில் அச்சொல்லே வருகிறது.

லூக்கா இவ்வடையோடு 'அன்றன்றும்' என்ற தொடரையும் தனியே சேர்த்திருப்பது, அடைக்கு வேறு பொருள் உண்டு என்று கருத இடமளிக்கிறது. நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்னும் மத்தேயு 6:34 இதற்கு முரண் என்பார்கள். வரும் நாளின் உணவைத் தந்தையிடம் கேட்டுவிட்டவன் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை என்பதால், அவ்வசனம் இப்பொருளுக்கு இணக்கமானதே என்று நான் கருதுகிறேன்.