பங்காளி உறவா என்று டி.என்.ஏ. சோதனை சொல்லுமா?

கேள்வி: என் மகளுக்குத் தாராபுரம் பக்கமிருந்து வரன் வந்திருக்கிறது. கூட்டம் (குலப் பிரிவு) வேறு. ஆனால் எங்கள் பெரியப்பா, "என்ற அப்பனும் மாப்பிள்ளையோட அப்பனுக்குத் தாத்தாவும் கூடப் பொறந்தவிங்க. அவரைச் சின்ன வயசுலயே வேற கூட்டத்துக்குச் சுவீகாரம் கொடுத்துட்டாங்க" என்கிறார். பத்திரம் எதுவும் இல்லை. டி.என்.ஏ. சோதனையில் உண்மை தெரியுமா? உறவாக இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்தா?
- வாசகர், காங்கேயம்

பதில்: முதலில் குழந்தையைப் பற்றிய பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா சொல்வது முழுக்க உண்மையாகவே இருந்தாலும், உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பொதுவாக இருக்கும் டி.என்.ஏ. சராசரியாக 0.8 சதவீதம்தான். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு 256-ல் 1. மாமன் மகளைக் கட்டினால் அது 16-ல் 1. அக்கா மகளைக் கட்டினால் 8-ல் 1. உரிமைப் பெண் என்று நாம் கேட்டு வாங்கிக் கட்டுகிற உறவு, நீங்கள் பயப்படும் இந்த உறவைவிடப் பதினாறு மடங்கு நெருக்கம். முறை பார்ப்பது ஆண் வழியை மட்டும். நோய் தரும் மரபணு அப்பா வழி, அம்மா வழி என்று பார்ப்பதில்லை. அதனால் அம்மாக்கள் வழியில் இரண்டு வீட்டுக்கும் வேறு தொடர்பு உண்டா என்பதையும் எழுதிப் பாருங்கள். இருந்தால் கணக்கு மாறும்.

உறவே இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருந்துவிடலாம் என்பதும் சரியல்ல. பல நூறு ஆண்டுகளாக நாம் சமூகத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்து வருகிறோம். 2017-ல் வெளியான ஆய்வொன்று தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்ததில், 81 சமூகங்கள் மிகச் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட சமூகத்தில், தெரிந்த உறவு எதுவும் இல்லாத இருவரிடமும் ஒரே குறைபாட்டு மரபணு இருக்கக்கூடும்.

ஆகவே கல்யாணத்துக்கு முன் இருவருக்கும் முழு இரத்த அணுப் பரிசோதனையும், எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும்) முறையில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்யுங்கள். எச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால், பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகையின் கடத்தியாக (நோயின்றி மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருக்கலாம். இருவருமே கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தைக்கு 25 சதவீத வாய்ப்பு. அரிவாள் செல் ஹீமோகுளோபினும் இதிலேயே தெரிந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்.பி.ஏ.2 குறைத்துக் காட்டி ஏமாற்றும். இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரு வீட்டிலும் மூன்று தலைமுறைக்குள் கைக்குழந்தையாக இறந்தவர், பிறவியிலேயே காது கேளாதவர், வலிப்பு உள்ளவர், மயக்க மருந்து கொடுத்தபின் நெடுநேரம் மூச்சு திரும்பாதவர் உண்டா என்று பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். இருந்தால் மரபியல் ஆலோசனை அவசியம், வேலூர் சி.எம்.சி.யில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

இனி சுவீகாரக் கதை. 'தென்னிந்தியர் இத்தனை சதவீதம்' என்று வரும் பூர்வீக அறிக்கை இதற்கு உதவாது. மகளையும் மாப்பிள்ளையையும் சோதிப்பதும் வீண்: இவ்வளவு தள்ளிய உறவில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுவான டி.என்.ஏ. துண்டே அகப்படாது. நீங்களும் மாப்பிள்ளையின் அப்பாவும் மாதிரி கொடுங்கள். கதை உண்மையானால் உங்கள் இருவருக்கும் சுமார் 3 சதவீதம், அதாவது 200 சென்டிமார்கனை (டி.என்.ஏ. துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அலகு) ஒட்டிப் பொருந்தும். உங்கள் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவழித் தாத்தாவும் உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குள் 12 சதவீதம் அளவுக்கு வரும், சந்தேகத்துக்கே இடமிருக்காது. மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். 7 சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகள் சமூகத்துக்குள் பொதுவாகவே சிதறிக் கிடப்பவை. அவற்றைத் தள்ளிவிட்டு, 20-க்கு மேல் நீளமான துண்டுகள் உண்டா என்று பாருங்கள். அவைதான் சமீபத்திய உறவின் அடையாளம்.

கூடவே அதே இருவருக்கும் ஒய் குரோமோசோம் சோதனை, 37 குறியீடுகளில் (அந்தக் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள்). அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, சுவீகாரத்தால் மாறாதது. வித்தியாசம் இரண்டுக்குள் என்றால் ஒரே ஆண் வழி. பத்து, பன்னிரண்டு என்றால் கதை நிற்காது. ஆனால் பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிக்கும் ஒய் பொருந்தலாம் என்பதால் இதை மட்டும் வைத்து அண்ணன் தம்பி என்று முடிவு கட்ட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் இப்போது இருக்கும் கூட்டத்தில் இன்னொருவர் தன் மாதிரியைக் கொடுக்க முன்வந்து, அவரோடு பொருந்தாமல் உங்களோடு பொருந்தினால் கதை உறுதியாகிவிடும்.

இந்த டி.என்.ஏ. சோதனைகளுக்கு எடுக்கும் எச்சில் மாதிரி பெரும்பாலும் பெரியவர்களிடம்தான் கெட்டுப்போகிறது. வெற்றிலை, புகையிலை, காபி எதுவும் மாதிரி எடுப்பதற்கு முந்தைய முப்பது நிமிடம் வாயில் படக்கூடாது. குழாயில் கோட்டுவரை எச்சில்தான் நிற்க வேண்டும். நுரை கணக்கில் சேராது. பிரஷர் மாத்திரையால் வாய் வறண்டவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் குச்சி முறையைக் கேளுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர் தன் மாதிரியைத் தரக்கூடாது, கொடுத்தவரின் டி.என்.ஏ. கலந்து வரும்.

ஒன்றை முன்பே பேசிவிடுங்கள். சுவீகாரத்தைத் தேடிப் போன இடத்தில், யாரும் எதிர்பாராத ஒரு தகப்பன் விஷயம் வெளியே வரலாம். முடிவை யார் பார்ப்பது, யாருக்குச் சொல்வது என்று மாதிரி கொடுப்பவர்கள் சம்மதித்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும். அதில் ஒருவர் தயங்கினாலும் சோதனையை விட்டுவிடுங்கள். குழந்தையின் நலனுக்கு அந்த இரத்தப் பரிசோதனைகளும் குடும்ப விசாரிப்புமே போதும். பங்காளி என்று தெரிந்தால் சம்பந்தம் செய்யலாமா என்பது உங்கள் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டியது. மருத்துவத்தில் அதற்குத் தடை இல்லை.